எதிர் மனையில் இறங்கிய அமெரிக்கா

ஒரு வெள்ளைக்காரர் கையில் அளவு நாடாவோடு நின்றார். நடந்தது அவ்வளவுதான். அதற்கு நான் அரைப்படி உளுந்தைத் தரையில் கொட்டினேன்.

போன வாரம் கப்பலில் வாந்தியெடுத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். "அதற்குப் பிறகாவது தைரியம் வந்ததா?" என்று கிள்ளான் வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அம்மா, வரவில்லை. இந்த வாரக் கதையே அதற்குச் சாட்சி.

ரப்பர் விலை தரையைத் தொட்ட காலம் அது. மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் என் மளிகைக் கடைக்குப் பின்னால் ரயில்வே குடியிருப்பு, எதிரே புல் முளைத்த காலி மனை. இரவெல்லாம் மழை பெய்து, காலையில் சடக்கெல்லாம், அதாவது சாலையெல்லாம், செம்மண் குழம்பு. ஈரச் சாக்கின் வாடையும் ரயில் கரிப்புகையும் சேர்ந்து கடைக்குள் வந்துகொண்டிருந்தன.

அந்த மனையில்தான் அவர் நின்றார். நாடாவின் மறுமுனையை ஒரு மலாய்க்காரர் பிடித்திருந்தார். அளந்தார்கள், எழுதினார்கள், மறுபடி அளந்தார்கள். பிறகு வெள்ளைக்காரர் தலையை நிமிர்த்தி என் கடைப் பலகையைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். ஆட்டைப் பார்த்துக் கசாப்புக்காரர் அப்படித்தான் தலையசைப்பார்.

"தனம், வந்துட்டான்!" என்றேன்.

"யாரு?" என்று உள்ளிருந்து என் மனைவி கேட்டாள்.

"அமெரிக்காக்காரன்!"

"வந்தா உக்காரச் சொல்லுங்க. காப்பி கொஞ்சம் இருக்கு."

மத்தி மீன் பெட்டிக்குள் வந்த சங்கதி

வெள்ளைக்காரரைப் பார்த்ததும் எனக்கு அமெரிக்கா ஏன் நினைவுக்கு வரவேண்டும்? அதற்கு ஒரு மீன் பெட்டிதான் காரணம்.

மத்தி மீன் டின்கள் அப்போது அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டியில் வரும். டின்கள் ஆடாமல் இருக்க உள்ளே பழைய செய்தித்தாள்களைத் திணித்திருப்பார்கள். அவற்றை நான் கிழித்துப் பொட்டலம் மடிப்பேன். சீரகம் வாங்கிப் போனவர்கள் வீட்டிலெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் இருந்திருக்கிறது, யாரும் படித்ததில்லை.

படித்த ஒரே ஆள் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. சாயங்காலம் சுருட்டு வாங்க வருவார். என் கடை முக்காலியில் உட்கார்ந்து, நான் கிழிப்பதற்கு முன் தாளைப் பிடுங்கிப் படித்துவிடுவார்.

"இஞ்ச பாரும் சோமு, உம்மட தொழிலுக்குச் சாவுமணி அடிக்கிறாங்கள்" என்றார் ஒருநாள், மிகுந்த சந்தோஷத்தோடு.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். முதலில் அங்கே ஒரு தேயிலைக் கடை. நடுவில் இருந்த தரகர்களை ஒதுக்கிவிட்டு, கப்பலில் வந்த தேயிலையை நேரே வாங்கி மலிவாக விற்றார்கள். தேயிலை வாங்கினால் தட்டு, கோப்பை என்று இனாமும் கொடுத்தார்கள். சனம் மொய்த்தது. ஒரு கடை பல கடையாயிற்று. எல்லாக் கடைக்கும் ஒரே சிவப்பு முகப்பு. எந்த ஊரில் இறங்கினாலும் அதே கடை, அதே விலை, அதே சிவப்பு. ஆயிரக்கணக்கில் குட்டி போட்டதாம்.

"கடை குட்டி போடுமா?"

"அமெரிக்காவில போடும். இன்னொருத்தன் ஐந்து காசு, பத்துக் காசு எண்டு ரெண்டே விலையில ஒரு கடை முழுக்க நிரப்பினான். அதுவும் குட்டி போட்டுது."

அதோடு விட்டாரா? தெற்கே ஒரு ஊரில் ஒருவர் கடைப் பையன்களையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வாசலில் சுழலும் கதவு. உள்ளே போனால் கையில் ஒரு கூடை. வேண்டியதை நாமே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, வெளியே போகும் இடத்தில் காசு கொடுக்க வேண்டும். கடன் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் கிடையாது.

"கடைக்காரன் என்ன பண்ணுவான்?"

"காசை வாங்கிப் பெட்டியில போடுவான். வாய் திறக்கத் தேவையில்லை. உமக்குக் கஷ்டம்தான்."

இப்போது வியாபார மந்தம் வந்ததும், ஊருக்கு வெளியே பழைய கார் கொட்டகைகளைப் பிடித்து, அரிசியும் மாவும் கூரை முட்ட அடுக்கி, அடிமாட்டு விலைக்கு விற்கிறார்களாம். சின்னக் கடைக்காரர்கள் "ஐயோ, அவர்களுக்கு வரி போடுங்கள்" என்று சர்க்காரிடம் அழுகிறார்களாம்.

அந்த இடத்தில் நான் தாள் கிழிப்பதை நிறுத்திவிட்டேன். கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு மளிகைக்காரர், என்னைப் போலவே தொந்தியோடு, காலிக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு அமெரிக்காவிலும் ஒரு பங்காளி!

அன்று முதல் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் யாரைப் பார்த்தாலும் எனக்கு அவர் அமெரிக்காக்காரர்தான்.

பயப்படக் காரணமும் இருந்தது

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்த வருஷம் என் கடை உண்மையிலேயே நூலில் தொங்கியது.

ரயில்வேயில் ஆட்குறைப்பு. வாராவாரம் குடியிருப்பில் ஒரு வீட்டுக் கதவு சாத்தப்படும். தகரப்பெட்டியும் சுருட்டிய பாயுமாக ஒரு குடும்பம் கப்பலேறப் போகும். போகும்போது கடை முன்னால் நின்று, "வரோம் அண்ணே" என்பார்கள். வரமாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பார்த்துப் போங்க, கப்பல்ல என்னை மாதிரி வாந்தியெடுக்காதீங்க" என்பேன். சிரித்துக்கொண்டே போவார்கள். பிறகு நான் உள்ளே போய் வேண்டாத மூட்டையை எல்லாம் நகர்த்தி வைப்பேன்.

மிச்சம் இருந்தது ஒரு வரிசை வீடுகள்தான். அந்த வரிசைப் பெண்களும் எதிர் மனையில் வரப்போகும் சிவப்புக் கடைக்குப் போய்விட்டால், நானும் தகரப்பெட்டி வாங்க வேண்டியதுதான்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். அமெரிக்கா என் கடைக்கு எதிரே வருவதற்குள், என் கடையே அமெரிக்கா ஆகிவிட வேண்டும்.

"உங்களுக்குக் காய்ச்சலா?" என்றாள் தனம்.

சவப்பெட்டி ஆசாரியின் கைவண்ணம்

சுழலும் கதவு செய்ய ஆசாரி வேண்டும். அடுத்த சந்தில் ஆ சான் என்ற சீனர் இருந்தார். சவப்பெட்டி செய்வதில் கெட்டிக்காரர். நான் படம் வரைந்து காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலே, போலே" என்றார். மலாயில் அதற்கு 'முடியும்' என்று அர்த்தம்.

மூன்று கட்டைக் கைகள் நீட்டிய ஒரு தூண். தள்ளினால் உள்பக்கமாக மட்டும் சுழலும், திரும்பி வராது. அகலத்தை யார் உடம்புக்கு அளப்பது என்று நான் யோசிப்பதற்குள் அவர் தன்னையே அளந்துகொண்டார். ஆ சான் ஒரு அகத்திக்குச்சி. அந்த நேரத்தில் இது எனக்கு உறைக்கவில்லை.

கடையை முன்னால் மறித்திருந்த பலகை மேடையைக் கழற்றினேன். பருப்பு, மிளகாய், புளி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி அலமாரியில் அடுக்கினேன். பிரம்புக் கூடைகள் வாங்கினேன். உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, நடுவே காசு மேசை. கடை முழுக்கப் புது மரவாசனை. யாருடைய சவப்பெட்டிக்கு வாங்கிய பலகையோ.

உப்பு மூட்டையை மட்டும் உள்ளே கொண்டுவரவில்லை. அது எப்போதும் போல வெளியே, அஞ்சடி நடைபாதையில் கிடந்தது. நம் ஊர்க் கடைகளில் உப்பு மூட்டையை யார் உள்ளே வைத்தார்கள்? ராத்திரியும் அது வெளியேதான் படுத்திருக்கும். உப்பைத் திருட எந்தத் திருடனுக்கும் மனசு வராது. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் நானும் கொடுப்பதில்லை. அவரவர் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போவார்கள்.

அமெரிக்காக்காரர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த முறை என் கடை வாசலிலேயே சாக்குக்குள் கிடந்திருக்கிறது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

திறப்பு விழா

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கந்தையா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தனம் கதவுக்குக் குங்குமம் வைத்தாள். ரயில்வே வரிசைப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். முன்னால் அஞ்சலை.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றி விடுகிறவர். ஆனால் அந்த வரிசையை எந்தத் தண்டவாளத்தில் விடுவது என்பதை முடிவு செய்கிறவள் அஞ்சலை. அவள் ஒரு கடையை நல்ல கடை என்றால் நல்ல கடை. அவ்வளவுதான்.

பெண்கள் ஒவ்வொருவராகச் சுழல்கதவில் நுழைந்தார்கள். ஒடிசலானவர்கள் நேராக, மற்றவர்கள் பக்கவாட்டில். கூடையை எடுத்துக்கொண்டார்கள். அலமாரிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

"எடுத்துக்குங்க!" என்றேன்.

"யாரு எடுத்துக் குடுப்பா?" என்றாள் அஞ்சலை.

"நீங்களே எடுத்துக்கலாம் தங்கச்சி. அமெரிக்கா முறை."

"அடுத்தவங்க கடையில நாங்களே எடுத்தா அதுக்குப் பேரு வேற அண்ணே."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தி கையை நீட்டி, மிளகாய்ப் பொட்டலத்தைத் தொட்டு, சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டாள். கந்தையா கோட்டுக்குள் சிரிப்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. எதிர் மனையைப் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரர் மறுபடி வந்து குச்சி நட்டுக்கொண்டிருந்தார்!

அப்போது அஞ்சலைக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏண்டி, நீ எனக்கு எடுத்துக் குடு. நான் உனக்கு எடுத்துக் குடுக்கிறேன். அப்ப யாரும் தானா எடுத்ததா ஆகாது இல்ல?"

அதன் பிறகு நடந்ததை எந்த அமெரிக்கப் பத்திரிகையும் எழுதியிருக்காது. ஒவ்வொருத்தியும் வாடிக்கைக்காரி, ஒவ்வொருத்தியும் கடைக்காரி. "என்னக்கா வேணும்?" "பருப்பு குடுடி." "புதுப் பருப்புக்கா, நல்லா வேகும்!" என் பருப்பு வேகுமா வேகாதா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி என் குரலிலேயே பேசினாள். "வாங்க வாங்க, நேத்து என்ன குழம்பு, புருஷன் சாப்பிட்டாரா ஓடிட்டாரா?" தினமும் நான் கேட்கும் கேள்வி. கடை குலுங்கியது.

"கொசுறு எங்க?" என்றாள் ஒரு கிழவி.

அதை நான் மறந்தே போயிருந்தேன். வாங்கின பொருளுக்கு மேலே, வாடிக்கைக்காரர் மனசு குளிர, கடைக்காரர் சும்மா போடும் பிடி அல்லவா கொசுறு? ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை, ஒரு துண்டு வெல்லம். அமெரிக்கச் செய்தியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அலமாரிக்குப் பொருள் கொடுக்கத் தெரியும், கொசுறு போடத் தெரியுமா?

அஞ்சலைக்குத் தெரிந்தது. "போடுங்கடி! அண்ணன் ரெண்டு இணுக்குதான் போடுவாரு. நம்ம கடை லா இப்ப, தாராளமாப் போடுங்க!"

கறிவேப்பிலை கட்டோடு போயிற்று. வெல்லம் உருண்டை உருண்டையாகப் போயிற்று. "போதும் தாயே, போதும்!" என்று நான் அலறியதை யாரும் கேட்கவில்லை. அமெரிக்கா வந்து என்னை அழிக்க வேண்டியதே இல்லை. அதற்குள் கொசுறே அழித்துவிடும்.

உள்பக்கம் மட்டும் சுழலும் கதவு

கூட்டம் மேசையில் காசைக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அஞ்சலை மட்டும் போகவில்லை. வெளியே உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கூடவே அவள் மகள் பாக்கியம், கழுத்தில் மஞ்சள் காயாத புதுத் தாலி, கையில் ஒரு புது மண்சட்டி.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. மத்தியான ரயிலுக்குப் பாக்கியம் கிள்ளானுக்குப் போறா. மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. புது வீடு. மஞ்சளும் உப்பும் முதல்ல உள்ள போகணும். உப்பை நீங்க கொட்டிக் குடுங்க."

"தினமும் நீங்களே அள்ளிக்கிற உப்புதானே?"

"தினம் அள்ளுறது வேற, குடி போற உப்பு வேற. நான் இந்தக் குவாட்டர்சுக்கு வந்தன்னிக்கு இதே மூட்டையில நீங்கதான் கொட்டிக் குடுத்தீங்க. மறந்துட்டீங்களா? ஆள் குறைக்கிறப்ப எங்க வரிசையில எத்தனை பேரு பேரை அடிச்சாங்க. என் வீட்டுக்காரர் பேரு மட்டும் தப்பிச்சது. உங்க கைராசி அண்ணே."

எனக்கு அது நினைவே இல்லை. உப்புக் கொட்டிய கை எத்தனை சட்டியில் கொட்டியிருக்கும்! ஆனால் அவள் அதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். அவள் வரும் வழியிலேயே இருக்கும் இன்னொரு கடையில் அரிசி என்னைவிட மலிவு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைத் தாண்டித்தான் தினமும் வந்திருக்கிறாள்.

கண் கலங்கி வந்தது. இந்தக் கோலத்தில் கந்தையா பார்த்துவிடக் கூடாதே என்று அவசரமாக வெளியே ஓடினேன். அவசரத்தில் வெளியேறும் வழியை விட்டுவிட்டு, நுழையும் கதவு வழியாக ஓடினேன்.

அது உள்பக்கம் மட்டும் சுழலும் கதவு. ஆ சான் அளவுக்குச் செய்த கதவு. என் தொந்தி ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல நின்றுவிட்டது. முன்னால் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. சவப்பெட்டி ஆசாரி செய்தது சும்மா போகுமா?

அந்தச் சமயம் பார்த்து எதிர் மனை வெள்ளைக்காரர் சடக்கைத் தாண்டி நேராக என்னை நோக்கி வந்தார்.

முருகா, அமெரிக்கா வந்துவிட்டது, நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்! கண்ணை மூடிக்கொண்டேன். மூடுவதற்குள் வாயில் கேள்வி வந்துவிட்டது.

"அஞ்சலை, உண்மையைச் சொல்லு. எதிர்ல அமெரிக்காக் கடை வந்தா போயிடுவியா?"

அவள் யோசித்தாள். அந்த நிலைமையிலும் யோசித்தாள்.

"போய்ப் பார்ப்பேன் அண்ணே. அரிசி மலிவா இருந்தா வாங்குவேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா உப்பு இங்கதான்."

வெள்ளைக்காரர் கந்தையாவிடம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். பிறகு என்னையும் கதவையும் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். "அமெரிக்கன் சிஸ்டம், சார்" என்றார் கந்தையா. வெள்ளைக்காரர் அனுதாபத்தோடு தலையசைத்தார். பலகையைப் பார்த்து அசைத்த அதே அசைப்புதான். இந்த முறை கசாப்புக்காரர் ஞாபகம் வரவில்லை.

"என்ன சொல்றாரு? எப்பக் கடை திறக்கிறாராம்?" என்றேன்.

"கடையா? ஐசே, உமக்கு விசரா? மழைத் தண்ணி போக இஞ்சால பெரிய லோங்காங் வெட்டப் போகினமாம். உம்மட உப்பு மூட்டை வழியில கிடக்குதாம். ஒரு முழம் தள்ளி வைக்கட்டாம்."

லோங்காங் என்றால் சாக்கடை! இத்தனை நாள் நான் தூக்கம் இழந்தது, மேடையைக் கழற்றியது, ஆ சானுக்கு வேலை கொடுத்தது, எல்லாம் ஒரு சாக்கடைக்காக.

தள்ளி வைக்க வேண்டிய மூட்டையை அஞ்சலையும் கந்தையாவும் இழுத்துக் கதவோரம் கொண்டுவந்தார்கள். எனக்குக் கை எட்டியது. பாக்கியம் சட்டியை நீட்டினாள். கதவுக்குள் மாட்டிக்கொண்டபடியே சிரட்டையால் அள்ளி, "நல்லாயிரும்மா" என்று கொட்டினேன். கல்லுப்பு சட்டியில் விழுந்த சரசரப்பு இப்போதும் காதில் இருக்கிறது. என்ன நடக்கிறது என்று அந்த வெள்ளைக்காரருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு தனம் நிதானமாக அலமாரிக்குப் போய் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்தாள். கடைக்குள் அன்று ஒருவர் தன் கையால் தானே எடுத்த ஒரே பொருள் அதுதான். அதையும் என் தொந்தியில்தான் தடவினாள்.

கடலில் இல்லாதது

மறுநாளே மேடையைத் திரும்பப் போட்டுவிட்டேன். சுழல்கதவு புழக்கடையில் நிற்கிறது, தனம் அதில் புடலங்கொடி ஏற்றியிருக்கிறாள். நல்ல காய்ப்பு. அமெரிக்காவிடமிருந்து கூடைகளை மட்டும் வைத்துக்கொண்டேன். பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

அந்தச் சாக்கடையும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் அடைமழைக்குக் கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறும். அதற்குப் பிறகு என் அரிசி மூட்டை ஒன்றுகூட நனையவில்லை. யாரைக் கண்டு உளுந்தைக் கொட்டினேனோ, அவர் புண்ணியத்தில் என் கடை காய்ந்து கிடக்கிறது. பேர்கூடத் தெரியாத அவருக்கு இந்தப் பத்திரிகை வழியாக ஒரு கும்பிடு.

சிவப்புக் கடை இன்னும் வரவில்லை. ஒருநாள் வரலாம். வந்தால் நானும் போய்ப் பார்ப்பேன், அரிசி மலிவா என்று.

அந்தத் திறப்பு விழா அன்று மத்தியானம், தாயும் மகளும் ரயிலுக்குப் புறப்பட்டபோது அஞ்சலையிடம் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"ஏன் தங்கச்சி, கிள்ளானுக்கா உப்பு கொண்டு போறீங்க? கடலே அங்கதானே இருக்கு!"

மகளுடைய சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டே சொன்னாள்.

"கடல்ல உப்பு இருக்கு அண்ணே. கை இல்லையே."

சிரித்துவிட்டு நடந்தாள். நான் என் கையைப் பார்த்தேன். பெருங்காய வாடை, நகக்கண்ணில் மஞ்சள், விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. வேறு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அன்று சாயங்காலம் வரை அதைக் கழுவாமல் வைத்திருந்தேன்.